மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை ஹாம் டேற்றா வலை: இடமும் ஆளும் தேடுவது எப்படி?

ஓகஸ்ட் 2, வாழைச்சேனை

4எஸ்7 என்று தொடங்குகிற ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி, லைசன்ஸ் மூன்று பேரிடம் இருக்கிறது: வாழைச்சேனையில் நான், கல்முனையில் ஒருவர், அக்கரைப்பற்றில் ஒருவர். மொபைல் கோபுரங்கள் படுத்தாலும் ஓடுகிற 5 கிகாஹேர்ட்ஸ் டேற்றா வலை ஒன்று போட நினைக்கிறோம். வரைபடத்தைப் பார்த்தால் குடும்பிமலை ஒன்றே போதும் போலத் தெரிகிறது. அங்கே றேடியோவும் அன்ரெனாவுமாக ஒரு நோட் வைத்தால் கிரான், ஏறாவூர், மட்டக்களப்பு ரவுண், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை எல்லாம் அதன் கண்ணில் படும். களுவாஞ்சிகுடி அண்ணன், மலைக்கு அனுமதி யாரிடம் கேட்பது?

ஓகஸ்ட் 2 இரவு, களுவாஞ்சிகுடி

தம்பி, அனுமதி பிறகு. கார்த்திகையில் அந்த நோட் நின்றுபோனால் யார் ஏறுவது? கிரான் புலிபாய்ந்தகல் வீதி மாரியில் தண்ணிக்குள் போய்விடும். நமக்கு வலை தேவைப்படுவதும் அதே நாட்களில்தான். மலையில் கரண்ட் இல்லை, சுற்றிவரக் காடு, யானை, இடிக்கு முதல் இலக்கு.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. மலையிலுள்ள ஒரே அன்ரெனாவைப் பத்து நிலையங்கள் பார்க்கும், ஆனால் அந்தப் பத்தும் ஒன்றையொன்று கேட்காது. வைஃபை முறையே ‘கேட்டுவிட்டுப் பேசு’ என்பதில் நிற்கிறது. கேட்க முடியாதவர்கள் ஒரே நேரத்தில் பேசுவார்கள், மலையில் மோதும், திரும்ப அனுப்புவார்கள், மறுபடி மோதும். சிக்னல் நல்லாகக் காட்டும், கோப்பு நகராது.

நம் கரைக்குப் பொருந்துவது நோட்டிலிருந்து நோட்டுக்கு 5, 10 கிலோமீற்றர்க் குறுந்தாவல்கள். நோட் கூடும், செலவும் கொஞ்சம் கூடும். ஆனால் ஒன்று படுத்தால் சைக்கிளில் போய்ப் பார்க்கலாம். 1978 சூறாவளி, 2004 ஆழிப்பேரலை, 2011 வெள்ளம், மூன்றிலும் பாதைகள் அறுந்தன. சைக்கிள் தூரத்துக்குள் ஆள் இல்லாத நோட்டை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

ஓகஸ்ட் 3, களுவாஞ்சிகுடி

உயரக் கணக்கு கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எதிர் அன்ரெனா கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று ஆட்கள் நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

இரண்டு அன்ரெனாவுக்கும் இடையில் அலை ஒரு நீளமான வாழைப்பூ வடிவத்தில் வீங்கிப் போகும். அந்த வீக்கத்தின் நடு ஆரத்தில் 60 வீதம் வெறுமையாக இருக்க வேண்டும். 5.8 கிகாஹேர்ட்ஸில் 10 கிலோமீற்றருக்கு நடு ஆரம் 11.4 மீற்றர், அதில் 60 வீதம் 6.8 மீற்றர். பூமியின் வளைவுக்கு இன்னும் 1.5 மீற்றர். ஆக 8.3 மீற்றர். 20 கிலோமீற்றர் என்றால் 9.7 உடன் 5.9, மொத்தம் 15.6 மீற்றர்.

இது நடுவில் வெறும் தரை இருந்தால். நடுவில் 20 மீற்றர்த் தென்னந்தோப்பு நின்றால் 10 கிலோமீற்றருக்கு இரு பக்கமும் 28 மீற்றர், 20 கிலோமீற்றருக்கு 36 மீற்றர் வேண்டும். வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் வீதியோரமாகத் தெற்கே பார்த்தால் முழுக்கத் தென்னை. அதனால் அன்ரெனாவை வாவிப் பக்கம் திருப்புங்கள். வாவிக்கு மேலே மரம் முளைக்காது. 10 மீற்றர் உயரம், அதாவது மூன்று மாடிக் கட்டிடத்தின் மேல்தட்டு, 10 கிலோமீற்றருக்குக் காணும்.

காத்தான்குடியில் உயரக் கட்டிடங்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கிருந்து வாவி தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம், அங்கிருந்து படுவான்கரையோரமாகத் தெற்கே, பிறகு மறுபடி வாவி தாண்டிக் களுவாஞ்சிகுடிப் பக்கம் என்று தையல் போடுவது போல முன்னும் பின்னும் தாவினால் கல்முனை வரை கொண்டுவரலாம்.

சிக்னல் கணக்கு: 5.8இல் 20 கிலோமீற்றர் வெற்றுவெளி இழப்பு 134 டெசிபெல். அனுப்புகிற வலு 25 டிபிஎம், இரு பக்கமும் 25 டிபிஐ குவிப்புள்ள தட்டு அன்ரெனா என்றால் வந்து சேர்வது -59 டிபிஎம் அளவில். தாராளம். கணக்கில் வலு ஒருபோதும் பிரச்சினையாக வராது. மறைப்புத்தான் பிரச்சினை.

ஓகஸ்ட் 3, அக்கரைப்பற்று

கணினியில் உயரத்தரவு போட்டுப் பாதை பார்க்கிற செயலிகளை அப்படியே நம்பாதீங்க. அந்தத் தரவு 30 மீற்றர்க் கட்டங்களாக எடுத்தது. ஒரு தோப்பைத் தரை என்று காட்டும், இன்னொரு தோப்பைப் பாதி உயரத்தில் காட்டும். நம்ம தட்டையான கரையில் 10 மீற்றர் பிழை என்றால் முழுக்கணக்கும் போச்சு. செயலியில் கழித்துவிடலாம், சேர்க்க மட்டும் கூடாது. செயலி ‘இல்லை’ என்றால் இல்லை. ‘ஆம்’ என்றால் போய்ப் பார்க்கணும்.

ஓகஸ்ட் 4, களுவாஞ்சிகுடி

போய்ப் பார்க்கிற முறை. முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று போதும், ஒரு சாண் அகலம். காலையில் படுவான்கரையில் நிற்பவர் கிழக்கே வருகிற வெயிலைக் கண்ணாடியில் பிடித்து எழுவான்கரைக்கு அடிக்க வேண்டும். பின்னேரம் எழுவான்கரையில் நிற்பவர் மேற்கு வெயிலைப் படுவான்கரைக்கு அடிக்க வேண்டும். பெயரிலேயே வழி இருக்கிறது. இடது கையை நீட்டி இரண்டு விரலை விரித்து, அக்கரைக் கட்டிடத்தை விரலிடுக்கில் பிடியுங்கள். வலக்கைக் கண்ணாடியின் வெளிச்சம் அந்த இரண்டு விரலிலும் சேர்ந்து விழுந்தால் குறி சரி. 10 கிலோமீற்றரில் வெல்டிங் பொறி போலப் பளிச்சிடும்.

அதோடு நிற்காமல், வெளிச்சம் தெரிகிற இடத்திலிருந்து இரு பக்கமும் ஒரே அளவாகக் கீழே இறங்கி இறங்கிப் பாருங்கள். எந்தப் படியில் மறைகிறது என்று குறியுங்கள். மறைகிற இடத்துக்கு மேலே எத்தனை மீற்றர் மிச்சம் என்பதுதான் உங்கள் கையிருப்பு. 7 மீற்றர் இல்லையென்றால் தூரத்தைக் குறையுங்கள். தென்னை வளரும் என்பதற்காக இன்னும் 3 மீற்றர் சேர்த்துப் பிடியுங்கள்.

ஓகஸ்ட் 6, களுவாஞ்சிகுடி: 3ஆம் திகதி எழுதியதில் திருத்தம்

வாவிக்கு மேல் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் அந்தக் குறிப்பைப் படித்தவர்களுக்கு வந்திருக்கிறது. அப்படி இல்லை. காற்றில்லாத வாவி கண்ணாடி மாதிரி. நேர் அலையும் தண்ணீரில் பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்து வரும். தெறிக்கும்போது அலை தலைகீழாகும், அதனால் இரண்டுக்கும் உள்ள பாதை வித்தியாசம் முழு அலைநீளமானால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

வித்தியாசம் = 2 × முதல் உயரம் × இரண்டாம் உயரம் ÷ தூரம். 5.8இல் அலைநீளம் 5.2 சென்ரிமீற்றர். 10 கிலோமீற்றருக்கு இரு பக்கமும் 10 மீற்றர் என்றால் வித்தியாசம் 2 சென்ரிமீற்றர்தான், சிக்னல் கூடவே வரும். 16 மீற்றர் ஆக்கினால் வித்தியாசம் 5.1, சிக்னல் குழியில் விழும். வளைவையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான குழி 17, 18 மீற்றர் அளவில் வரும். கஷ்டப்பட்டு இன்னொரு குழாய் ஏற்றியவருக்கு இணைப்பு செத்துப்போவதன் காரணம் இதுதான்.

அடையாளம்: விடியற்காலையில் வாவி அசையாமல் கிடக்கும்போது சிக்னல் 15, 20 டெசிபெல் விழும். கச்சான் கிளம்பி அலை அடித்ததும் எழும்பும். மருந்து: ஒரு பக்கத்தை மட்டும் 1, 2 மீற்றர் இறக்கிப் பாருங்கள். அல்லது உயரங்களை வேறுபடுத்துங்கள். தெறிக்கிற இடம் தாழ்ந்த பக்கத்துக்குக் கிட்ட நகரும், அங்கே கண்டலோ நிலமோ இருந்தால் தெறிப்பு உடையும்.

ஓகஸ்ட் 6, அக்கரைப்பற்று

இதே கதை வயலுக்கும் உண்டு. சம்மாந்துறையிலிருந்து அட்டாளைச்சேனைப் பக்கம் மரமே இல்லாத வயல்வெளி. இப்ப சிறுபோக அறுவடை, காய்ந்த ஒட்டு. இப்ப அளந்தால் எல்லாம் அழகா இருக்கும். பெரும்போகத்துக்குத் தண்ணி கட்டினதும் முழுவெளியும் ஒரு கண்ணாடி. ஓகஸ்டில் அளந்ததைக் கார்த்திகையில் இன்னொருக்கா அளக்காம நிரந்தரமாக் கொங்கிறீற் போட வேணாம்.

ஓகஸ்ட் 9, வாழைச்சேனை

அண்ணன், உயரம் விளங்கிற்று. உயரமான கட்டிடம் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறேன். மொபைல் கோபுரம், தண்ணீர்த்தாங்கி, பள்ளிவாசல், கோயில், பாடசாலை. எதில் தொடங்க?

ஓகஸ்ட் 9 இரவு, களுவாஞ்சிகுடி

பட்டியலில் உயரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போடுங்கள்: சாவி யாரிடம், அந்தக் கதவு ஒரு கிழமையில் எத்தனை தரம் திறபடுகிறது. அந்த நிரலைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள், உயரத்தைப் பார்த்து அல்ல.

பள்ளிவாசல் கதவு ஒரு நாளில் ஐந்து தரம் திறக்கும். ஒலிபெருக்கிக்காக வயர் மேலே போயிருக்கும், கரண்ட் போனால் ஜெனரேற்றர் போட ஆள் இருக்கும். கேட்க வேண்டியது நம்பிக்கையாளர் சபையை. அசருக்குப் பிறகு போங்கள், வெள்ளிக்கிழமையும் நோன்பு மாதமும் வேண்டாம். ஒலிபெருக்கிக் கம்பத்திலேயே பூட்டக் கூடாது. எதிர்ப்பக்கம் தனிக் குழாய் நடுங்கள், தொழுகை நேரத்தில் மேலே ஏறாதீர்கள்.

கோயிலில் கோபுரத்தைக் கேட்கவே வேண்டாம். துளை போடுகிற பேச்சே தப்பு. அன்னதான மண்டபம், மடம், கல்யாண மண்டபத்தின் மேல்தட்டு இருக்கும், அதைக் கேளுங்கள். தலைவரோடு மட்டும் பேசிவிட்டு வராமல் கோயில் நிர்வாகிகளான வண்ணக்கர்மார் கூடுகிற நாளில் போய் எல்லோர் முன்னும் சொல்லுங்கள். ஒருவர் தந்த சம்மதம் அடுத்த தெரிவோடு போகும், சபையின் கூட்ட அறிக்கையில் ஏறிய சம்மதம் நிற்கும். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பின் வேலை வைக்காதீர்கள், சோடனை மின்விளக்குகளின் மலிவுப் பவர் சப்ளை இரைச்சலும் அப்போதுதான் வரும்.

பாடசாலை: அதிபர் மனமாரச் சம்மதிப்பார், இரண்டு வருடத்தில் இடமாற்றம் வரும். வலயக் கல்வி அலுவலகக் கடிதம் இல்லாமல் ஆணி அடிக்காதீர்கள். லீவுக் காலத்தில் பூட்டு. ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் நலன்புரி முகாமாவது பாடசாலைதான், அதனால் கடைசித் தாவலுக்கு நல்லது, நடுத்தாவலுக்கு வேண்டாம்.

தண்ணீர்த்தாங்கி உயரத்துக்கு ஈடில்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் ஏற எழுத்து மூல அனுமதி வேண்டும், குடிதண்ணீருக்கு மேலே நிற்கிறீர்கள் என்பதால் அவர்கள் கடுமையாக இருப்பது சரிதான். மொபைல் கோபுரம் வாடகைக் கணக்கு, நமக்குக் கட்டாது.

பல்கலைக்கழகம்: வந்தாறுமூலையும் ஒலுவிலும் இந்த வரிசையின் வடக்கிலும் தெற்கிலும் அமைந்திருப்பது நம் அதிர்ஷ்டம். மாணவர் ஆர்வமாக வருவார்கள், பட்டம் முடித்துப் போவார்கள். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பிடியுங்கள். அவர் இருபது வருடம் அங்கேயே இருப்பார், சாவியும் அவரிடம்தான்.

ஓகஸ்ட் 10, அக்கரைப்பற்று

அரிசி ஆலையை விட்டுட்டீங்க. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் ஆலைகள் வயல் ஓரத்தில், நெல்லை மேல ஏற்றுற எலிவேற்றர் கோபுரத்தோட. இராக் காவலாளி, ஜெனரேற்றர், வெல்டிங் செய்ற ஆள், எல்லாம் உள்ளுக்கேயே. முதலாளி ஒருத்தர், முடிவும் ஒரே நாளில்.

கவனிக்க வேண்டியது மூன்று. உமித்தூசி பெட்டிக்குள்ள போய் ஈரத்தில களியாகும், அதனால காற்றுத்துளை இல்லாத பெட்டி, கேபிள் நுழையிற இடத்தில ரப்பர் கிளாண்ட். பெரிய மோட்டார் கிளம்பும்போது வோல்ற்றேஜ் குதிக்கும், ஆலை லைனில் நேரா மாட்டாம பற்றறிக்கு ஊடாகக் கொடுங்க. எலிவேற்றர் உடம்பில பூட்டினா அதிர்வில நட்டு கழரும். நைலோன் நட்டு போடுங்க, இல்லாட்டி பக்கத்துச் சுவரில பூட்டுங்க.

ஓகஸ்ட் 12, கல்முனை

ஒரு சபையிடம் பேசினோம். சந்தோஷமாகக் கேட்டார்கள். கடைசியில், ‘இதால எங்களுக்கு இலவச இன்ரநெற் வருமா? ஒரு சீசீரிவி படமும் அனுப்பலாமா?’ என்றார்கள். ஆம் என்றால் இடம் கிடைக்கும். என்ன சொல்வது?

ஓகஸ்ட் 12 இரவு, களுவாஞ்சிகுடி

இல்லை என்று அன்றே சொல்லுங்கள். பிறகு சொன்னால் ஏமாற்றியதாகிவிடும். ஹாம் அலைவரிசையில் வியாபாரச் செய்தி போகக் கூடாது, கருத்தை மறைக்கிற குறியாக்கமும் கூடாது. வங்கி, முகநூல் எல்லாம் குறியாக்கத்தில் ஓடுபவை. சீசீரிவி வேண்டுமென்றால் அவர்களுடைய சாதாரண வைஃபை உபகரணத்தில், வேறு சனலில், அவர்கள் பொறுப்பில் தனியாக ஓடட்டும். அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு நாள் உதவி செய்யலாம், அது நல்ல கைமாறு.

நாம் தரக்கூடியது வேறு. கோயில் மடத்திலிருந்து பள்ளிவாசலுக்கும் பிரதேச செயலகத்துக்கும் பேசுகிற ஐ.பி. தொலைபேசி. எண்ணுக்குப் பதில் ஐ.பி. முகவரியில் நேரே அழைக்கலாம், நடுவில் சேர்வர் தேவையில்லை. வாவிமுகத்துவாரத்தையும் பாலத்தடி நீர்மட்டக் கம்பத்தையும் காட்டுகிற ஒரு கமெரா. மழைமானி. வெள்ளம் ஏறுகிறதா என்று பார்க்கத் தலைவரின் மகன் இரவில் ரோச் கொண்டு போகத் தேவையில்லை என்றால், அந்த நோட்டைச் சபையே காவல் காக்கும்.

எல்லோரும் கேட்கக்கூடிய வலை என்பதால், நிவாரணப் பட்டியலில் பெயர், அடையாள அட்டை இலக்கம், நோய் விபரம் போடவே கூடாது. ‘முகாம் 4, குடும்பம் 62, பால்மா 30’ என்று எண்ணாக மட்டும். இதை வைத்தியசாலையிடமும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

ஓகஸ்ட் 13, களுவாஞ்சிகுடி

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எழுத வேண்டியவை: பெட்டி, தட்டு, குழாய் எல்லாம் எத்தனை கிலோ, எங்கே எத்தனை துளை, மாதம் எத்தனை யூனிற் கரண்ட். இரண்டு றேடியோவும் ஒரு றவுட்டரும் 15 வாற்று என்று பிடித்தால் 30 நாளுக்கு 10.8 யூனிற். அதை நாம் கட்டுவோம் என்று எழுதுங்கள். அகற்றச் சொன்னால் 14 நாளில் கழற்றித் துளையை அடைத்துப் பூச்சுப் பூசித் தருவோம். லைசன்ஸ் பிரதி இணைப்பு. கிராம சேவையாளருக்கும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கும் ஒவ்வொரு பிரதி. அம்பாறை ரவுண், உகனைப் பக்கம் போனால் சிங்களத்திலும் ஒன்று.

உபகரணம் வெளிநாட்டிலிருந்து வருவதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் எடுங்கள், சாமான் சுங்கத்தில் வந்து கிடக்கும்போது அல்ல. 5650 முதல் 5850 மெகாஹேர்ட்ஸ் வரை நமக்கு இரண்டாந்தர உரிமை, முதல்தரப் பாவனையாளருக்கு இடைஞ்சல் வந்தால் நாம்தான் விலக வேண்டும். உங்கள் லைசன்ஸ் தாளில் இருக்கிற அலைவரிசையும் வாற்றுமே எல்லை.

ஓகஸ்ட் 15, வாழைச்சேனை

மைக்ரோரிக் எல்.எச்.ஜி. 5 தட்டு இரண்டு பார்த்திருக்கிறோம். வாங்கலாமா?

ஓகஸ்ட் 15, களுவாஞ்சிகுடி

24.5 டிபிஐ, நல்ல தட்டு, கம்பிவலை என்பதால் காற்றும் பிடிக்காது. ஆனால் ஒரே பெயரில் பல மொடல் வருகிறது. ஹாம் டேற்றா வலைக்கான மென்பொருளான ஏ.ஆர்.ஈ.டி.என். பேம்வெயர் ஏற்கிற பட்டியலில் பெட்டியின் பின்னால் உள்ள முழு மொடல் இலக்கமும் இருக்கிறதா என்று கடையில் நின்றே பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஏறாது. நோட் பெயர் உங்கள் அழைப்புக்குறியில் தொடங்க வேண்டும். சனல் அகலம் 10 மெகாஹேர்ட்ஸ், இரு பக்கமும் ஒன்றாக. 20ஐ 10 ஆக்கினால் வேகம் பாதியாகும், இரைச்சல் 3 டெசிபெல் குறையும், நமக்கு அதுதான் இலாபம். கரையோர ரவுண்களில் சனல் தேடுவதைப் பகலில் செய்யாதீர்கள். இரவு 7 முதல் 10 வரைதான் எல்லா வீட்டு வைஃபையும் விழித்திருக்கும்.

கேபிள்: கடையில் ‘கற் 6’ என்று கேட்டு வாங்கி, ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செப்புப்பூச்சு உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், திருப்பிக் கொடுங்கள். வோல்ற்றேஜ் அதிகமாக விழும், உப்புக்காற்றில் நுனி வெண்பொடியாகும். நல்ல செப்பில் 40 மீற்றருக்கு 24 வோல்ற்றில் ஒரு வோல்ற் அளவுதான் விழும். கறுப்பு வெளியுறை, உறைக்குள் கவசத்தாள் உள்ளது. பெட்டிக்குள் நுழைய முன் கேபிளை ஒரு வளையம் கீழே தொங்கவிடுங்கள், மழைத்தண்ணி வளையத்தின் அடியில் சொட்டும்.

கிளிப் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு. 304 கூடக் கல்லடிப் பக்கத்தில் கறள் பிடிக்கும்.

ஓகஸ்ட் 16, அக்கரைப்பற்று

பற்றறிக் கணக்கையும் சொல்லிர்றன். 15 வாற்று × 24 மணி = 360 வாற்றுமணி. மார்கழியில் மூணு நாள் வெயில் முகம் காட்டாது, அப்ப 1080. லித்தியம் பொஸ்பேற் 12.8 வோல்ற் 100 அம்பியர்மணி ஒன்று சரியா மட்டுமட்டு. ஈயப் பற்றறி என்றா பாதிதான் எடுக்கலாம், அதனால 100 அம்பியர்மணி ரெண்டு. சோலர் தட்டு மாரிக்கு 2 மணி நேர வெயில் என்று பிடிச்சு 300 வாற்று. கார் பற்றறி வேணவே வேணாம், ஒரு மாரிக்கு மேல நிக்காது.

இடிக்கு: நம்ம மண் மணல், 1.5 மீற்றர் தண்டு ஒன்று பத்தாது. மூணு தண்டு, கிணத்தடி ஈரப்பக்கமா, ஒவ்வொன்றுக்கும் இடையில் 3 மீற்றர், கட்டிடத்து எர்த்தோட சேத்துக் கட்டணும். தனித்தனியா விட்டா இடி விழும்போது ரெண்டு எர்த்துக்கும் இடையில வோல்ற்றேஜ் வந்து றவுட்டருக்கு ஊடாத்தான் பாயும்.

ஓகஸ்ட் 19, வாழைச்சேனை

வடக்கே வாகரைக்குப் போகிற வழியிலும் தெற்கே திருக்கோவிலுக்குப் போகிற வழியிலும் ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பக்கங்களுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் தாவல் கட்ட முடியாது போல.

ஓகஸ்ட் 19, களுவாஞ்சிகுடி

அந்த இரண்டுக்கும் 2 மீற்றர் பாண்டில் (144 மெகாஹேர்ட்ஸ்) செய்தியைத் துண்டு துண்டாக அனுப்புகிற 1200 போட் பாக்கெற் போதும். மரத்துக்கு மேலே ஓரளவு வளைந்து போகும், ஒரு வீட்டுக் குழாயும் கைபேசியளவு கணினியும் போதும். ஒன்றை நினைவில் வையுங்கள்: யூனிகோட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற். 500 குறிச் செய்தி 1500 பைற், 1200இல் குறைந்தது 10 விநாடி. குறைந்த வலுவில் சிறு செய்தி அனுப்புகிற லோறா பெட்டிகளில் ஒரு செய்திக்கு 200 பைற் அளவென்றால் 66 தமிழ்க் குறி, ‘கொ’ மாதிரி எழுத்துக்கே இரண்டு குறி. அதனால் முகாம், படகு, குடிநீர், மருந்து ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்துச் சுருக்கம் இப்போதே பேசி, எல்லாச் சாவிக்காரர் வீட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள்.

ஓகஸ்ட் 24, கல்முனை

அதே சபை. இன்ரநெற் இல்லை என்று சொன்னோம். நீர்மட்டக் கமெராவுக்காக ஏற்றுக்கொண்டார்கள், கூட்ட அறிக்கையில் எழுதியும் தந்தார்கள். மண்டப மேல்தட்டு, 11 மீற்றர். சாவி காவலாளியிடம்.

ஓகஸ்ட் 24 இரவு, களுவாஞ்சிகுடி

மனம் நிறைந்துபோயிற்று. இரண்டாவது சாவி யாரிடம் என்று கேட்டு, அவர் வீடு எந்த ஒழுங்கையில் என்றும் போய்ப் பாருங்கள். காவலாளிக்குக் கையோடு காட்டிக் கொடுங்கள்: பச்சை விளக்கு இல்லையென்றால் இந்தச் செருகியைக் கழற்றி, பத்து எண்ணி, திரும்ப மாட்டு. அன்ரெனாத் தட்டின் திசையைக் குழாயிலும் கிளிப்பிலும் சேர்த்து ஒரு கோடாகப் பெயின்றால் கீறி விடுங்கள், வாடைக்காற்று திருப்பினால் கோடு விலகியிருப்பதைக் கீழே நின்றே அவர் பார்த்துச் சொல்லுவார். ஐப்பசி பிறக்க முன் ஒரு சனிக்கிழமை காலை நான் எதிர்க்கரையில் கண்ணாடியோடு நிற்கிறேன், திகதியைச் சொல்லுங்கள்.